ஆதிமூலம் போட்ட சொல்தா பூட்ஸ்

ஆறு மாதமாக ஆதிமூலம் தன் கால்களைப் பார்ப்பதில்லை. பார்த்தால் நெஞ்சு நின்றுவிடும் என்ற பயம். வேட்டியைப் பாதம் வரைக்கும் இழுத்துவிட்டு, அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, துண்டின்மேல் ஒரு கோணிச் சாக்கையும் போட்டு மூடி வைத்திருந்தார். நாய்கூட நாக்கைக் கழற்றி நிழலில் போட்டுவிட்டுத் தனியாகப் படுத்துக்கொள்ளும் ஆவணிப் புழுக்கத்தில், பாகூர் ஏரிக்குக் கிழக்கே கோணி போர்த்திய ஒரே மனிதர் அவர்தான். கேட்டவர்களிடமெல்லாம், "குளுருதுபா" என்று பல்லைக் கடகடவென்று அடித்தும் காட்டுவார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டும்.

உள்ளே இருந்தது வீக்கம். சும்மா வீக்கமில்லை. கணுக்கால் எங்கே முடிகிறது, பாதம் எங்கே தொடங்குகிறது என்று சர்வேயர் சங்கிலி போட்டு அளந்தால்தான் சொல்லமுடியும். பத்து விரல்களும் பூசணிக்காயில் ஒட்டிய வேர்க்கடலைபோல இருந்தன. அந்த வட்டாரத்தில் கால் வீங்கினால் அதற்கு ஒரே பெயர்தான் உண்டு. யானைக்கால். அந்தச் சொல் ஒரு வீட்டு வாசலில் விழுந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கமாட்டார்கள், கிணற்றுத் தண்ணீரைக்கூடக் குடிக்கமாட்டார்கள்.

ஆதிமூலத்துக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். தனக்கொடி.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். ஆனால் யானைக்காலுக்கு ரத்தம் எடுக்கிறவர்கள் ராத்திரியில்தான் எடுப்பார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வருவார்கள். அந்த வெளிச்சம் தெருமுனையில் திரும்பும்போதே பாதி ஊருக்குச் சேதி போய்விடும். மீதி ஊர் கூடவே நடந்து வரும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் கரும்பு வண்டியின் பாரத்து மேலிருந்து விழுந்ததில், அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனது. சக்கர நாற்காலி வந்தது ஐம்பத்துநாலில், பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது. யாரோ ஒரு துரைசாணியின் நாற்காலி, ஏலத்தில் எடுத்தது. அந்த அம்மாள் ஏழடி உயரமாம். எட்டடி என்பவர்களும் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாங்காய் பறிப்பாளாம். அவள் காலுக்கு அளவாக அடித்த மிதிபலகை தரையை உரசிக்கொண்டு எங்கோ கீழே கிடந்தது. ஆதிமூலமோ நெல் மூட்டைக்கு மீசை வைத்த உயரம். அவர் பாதங்கள் பலகைக்கு ஒரு சாண் மேலே, தூக்கணாங்குருவிக் கூடுபோலப் பகலெல்லாம் தொங்கின. இரவிலும் தொங்கின. பாயில் படுக்க வைத்தால் மறுபடி தூக்க இரண்டு ஆள் வேண்டும். பெண்டாட்டி தையலம்மாளின் இடுப்பு ஏற்கனவே போய்விட்டது. அதனால் இந்த இரண்டு வருஷமாக அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அதிலேயே தூங்கி, அதிலேயே கனவும் கண்டார். கனவில் ஒரு யானை வரும். அவர் காலைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அளவு சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகும்.

இந்த நிலைமையில்தான் தனக்கொடிக்குத் திருவாண்டார்கோயிலிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பலராமன். நல்ல பையன், சொந்த நிலம், அப்பா இல்லை. அப்பா இடத்தில் இருந்தவள் அத்தை காசம்மாள்.

காசம்மாள் என்றால் வில்லியனூர் முதல் பாகூர் வரை பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். அவள் ஒரு வீட்டுக்குள் வரும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் வருவாள். அடக்கம் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அவள் கால் பார்க்கிறாள்! பெண்ணின் கால், பெண்ணைப் பெற்றவர்களின் கால், பந்தி போடுகிறவன் கால், வாசலில் கட்டிய மாட்டின் கால். குதிகாலைப் பார்த்தே பதினேழு சம்பந்தத்தைக் கலைத்தவள் என்று பேச்சு. பதினெட்டாவது தன் வீடாகிவிடுமோ என்று ஆதிமூலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"கோணி போட்டு மூடிக்கினா வுட்டுடுவாளா அவ?" என்றாள் தையலம்மாள். "இன்னாத்துக்குக் கோணின்னு கேப்பா. குளுருன்னா, நெருப்பு மூட்டி வெச்சிட்டுக் கோணிய எடுன்னுவா. எதுனா காலுக்குப் போட்டுத்தான் மறைக்கணும்."

காலுக்குப் போடுவதற்கு என்ன இருக்கிறது? சாதாரணச் செருப்பில் பாதி பாதம்கூட நுழையவில்லை. பெரிய செருப்பாக வாங்கி மாட்டினால் விரல் பிடித்துக்கொள்ளாது. உணர்ச்சி இல்லாத விரல் எதைப் பிடிக்கும்? நாற்காலியைத் தள்ளிய பத்தாவது அடியில் செருப்பு கழன்று, சக்கரத்துக்கு அடியில் போய், நாற்காலி ஒரு குதி குதித்து, ஆதிமூலம் இரண்டு தடவை சாமி கண்டு திரும்பினார். பாகூர்க் கடைத்தெருவில் செருப்பு தைப்பவர் ஒரு நூலோடு வந்து, கோணிக்குள் கையை விட்டு அளந்து பார்த்துவிட்டு, கையை வெளியே எடுத்து, "அண்ணே, இதுக்குச் செருப்பு வோணுமா, இல்ல உறை வோணுமா?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். ஆனாலும் தையலம்மாள் அவருக்கு மோர் கொடுக்கவில்லை.

கடைசியில் எதிர்வீட்டுக் குழந்தைவேல்தான் வழி சொன்னான். அவன் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்த் திரும்பியவன். எங்கே போனாலும் மூன்று சங்கதி அவன் கூடவே வரும்: மீசை, பொய், ஒரு ஜோடி பட்டாளத்து பூட்ஸ்.

"முழங்கால் பாதி வரிக்கும் ஏறும் மாமா. உள்ள யானக்கால் இருந்தாலும் சரி, யானையே இருந்தாலும் சரி, ஒருத்தனுக்கும் தெரியாது."

"அடக்கிப் பேசுடா, பாவி!" என்றார் ஆதிமூலம்.

நிச்சயதார்த்தத்தன்று பொழுது விடியும் முன்பே கதவைச் சாத்திக்கொண்டு வேலை தொடங்கியது. விளக்கெண்ணெய் அரைப்படி போயிற்று. தையலம்மாள் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, குழந்தைவேல் முன்னால் உட்கார்ந்து தலையால் முட்டித் தள்ளினான்.

"வலிச்சா சொல்லு மாமா."

"வலிச்சா சொல்றதுக்கு அது எங்கிட்ட பேசினாத்தானேடா? தள்ளு."

தள்ளினான். ஏதோ ஒன்று 'சளக்' என்றது. பூட்ஸா, எண்ணெயா, காலா என்று யாருக்கும் தெரியவில்லை. வெயில் ஏறி, ஒருவழியாக இரண்டாவது காலும் உள்ளே போனதும் குழந்தைவேல் கயிற்றை இழுத்துக் கட்டி, எழுந்து நின்று சலாம் வைத்தான். ஆதிமூலம் கீழே பார்த்தார். பளபளவென்று இரண்டு கறுப்பு பூட்ஸ். ஆறு மாதத்தில் முதல்தடவையாக அவர் கால் பக்கம் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வாசலில் மாட்டுவண்டிச் சலங்கை கேட்டது.

காசம்மாள் குனிந்த தலையோடு உள்ளே வந்தாள். அவள் பின்னால் மாப்பிள்ளையின் தாய்மாமன் நாகராஜன் தாம்பூலத் தட்டை ஏந்தி வந்தார். கூடத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்கு முன்னால் கோலம், கோலத்துக்கு அந்தப் பக்கம் ஆதிமூலம். காசம்மாளின் பார்வை கோலத்தைத் தாண்டிப் போய் பூட்ஸில் நின்றது. அங்கேயே குடியேறியது.

"விளக்கு எரியற எடத்துல இன்னாங்க சம்பந்தி, பூட்ஸு?"

இதைத்தான் மூன்று பேரும் யோசிக்கவே இல்லை! காலை மறைக்கும் மும்முரத்தில், விளக்கு முன்னால் வெறுங்காலோடுதான் இருக்கவேண்டும் என்ற, மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் மறந்துபோயிற்று. ஆதிமூலத்தின் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பெயர்த்தெடுத்துப் பேசினார்.

"இத்த கழட்டக் கூடாதுங்க சம்பந்தியம்மா. பிரெஞ்சு டாக்டரு போட்டது. கழட்டினா உள்ள இருக்கற எலும்பெல்லாம் கொட்டிடும்னாரு."

"ஆமாங்க, கொட்டிடும்," என்று தையலம்மாள் கைகொடுக்க வந்தாள். வந்தவள் அதோடு நிற்கக்கூடாதா? "போன தபா கழட்டினப்ப ரெண்டு எலும்பு கொட்டி, நாய் கவ்விக்கினு பூடுச்சுங்க. தொரத்திக்கினு போயி வாங்கினு வந்தோம்."

குழந்தைவேல் இருமினான். நாகராஜன் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். காசம்மாள் சிரிக்கவில்லை. அவள் பார்வை இன்னும் கீழே போயிருந்தது.

"நைனா," என்றாள் தனக்கொடி, கதவோரத்திலிருந்து. அவள் குரல் வேறு யாருடைய குரலோபோல இருந்தது. "நைனா, ரத்தம்."

வலது பூட்ஸின் கயிற்றுத் துளையிலிருந்து ஒரு சொட்டு. மிதிபலகையில் விழுந்து வழிந்து, கோலத்தின் ஓரத்துக்கு வந்து, வெள்ளைப் புள்ளி ஒன்றைச் சிவப்பாக்கியது. பின்னாலேயே இன்னொரு சொட்டு.

ஆதிமூலம் அந்தச் சொட்டைப் பார்த்தார். கட்டெறும்பு கடித்தால் ஏரிக்கரை வரை கேட்கக் கத்துகிற மனிதர் அவர். முள் குத்தினால் மூன்று நாள் படுக்கை. இப்போது காலில் ரத்தம் வருகிறது, காலிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அதிகாலையிலிருந்து அறுத்துக்கொண்டிருக்கிறது போல. இன்னும் எத்தனை மணி நேரம் அறுத்திருக்கும்? அந்தக் கால் அழுகி, செத்து, உதிர்ந்து விழுந்தாலும், அதைக் கடைசியாகத் தெரிந்துகொள்ளும் ஆள் தான்தான் என்று அவருக்கு அப்போது உறைத்தது. யானைக்கால் பயம், சம்பந்தம் முறியும் பயம் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி நின்று இந்தப் புதுப் பயத்துக்கு வழிவிட்டன. இடுப்புக்கு மேலே இருந்த உடம்பு முழுவதும் நடுங்கியது. கீழே இருந்த இரண்டும் அசையாமல் பளபளத்தன.

"கழட்டுங்க," என்றார். "யாரா இருந்தாலும் சரி, கழட்டுங்கய்யா!"

குழந்தைவேல் இழுத்தான். வரவில்லை. தையலம்மாளும் சேர்ந்து இழுத்தாள். நாற்காலிதான் வந்தது. வெயில் ஏற ஏறக் கால் உள்ளேயே இன்னும் பருத்து, பூட்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தள்ளுங்க எல்லாரும்," என்றாள் காசம்மாள். "கரும்பு வெட்டற கத்தி ஒண்ணு குடு பொண்ணு. கூர் தீட்டினதா குடு."

"ஐயோ, சைகோன் பூட்ஸு..." என்று குழந்தைவேல் ஆரம்பித்தான். காசம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சைகோனையும் அங்கேயே விட்டுக்கொடுத்தான்.

கத்தியின் முனையைத் தோலுக்கும் காலுக்கும் நடுவே விட்டு, மேலிருந்து விரல் வரைக்கும், பலாப்பழம் பிளப்பதுபோல அவள் பிளந்தாள். ஒரு கீறல்கூடக் காலில் படவில்லை. தோல் இரண்டு பக்கமும் விரிய, உள்ளேயிருந்து கால் ஒரு பெருமூச்சோடு வெளியே வந்தது. குதிகாலில் வெள்ளிக்காசு அகலத்துக்குத் தோல் வழன்று, ரத்தம் கசிந்தது. ஆனால் கூடத்தில் இருந்த யாரும் காயத்தைப் பார்க்கவில்லை. வீக்கத்தைப் பார்த்தார்கள்.

"யானக்காலு!" என்றார் நாகராஜன். "நம்மள ஏமாத்தப் பாத்தாங்க. காசம்மா, கெளம்பு. வண்டியப் பூட்டச் சொல்றேன்."

அவர் தட்டோடு எழுந்துவிட்டார். தனக்கொடி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். தையலம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். ஆதிமூலம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

காசம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது பூட்ஸையும் பிளந்துவிட்டு, கட்டைவிரலால் அவர் கால்மேல் அழுத்தி, பத்து எண்ணும் வரை வைத்திருந்து எடுத்தாள். பிசைந்த மாவில் பதிந்ததுபோல ஒரு குழி. அதில் அரைப்படி தண்ணீர் ஊற்றிக் காக்கைக்கு வைக்கலாம்.

"ஒக்காருங்க மச்சான்," என்றாள் நாகராஜனிடம். "எம் புருசனுக்கு யானக்காலு. ஒம்போது வருசம் நாந்தான் கழுவினேன். கடசீல கல்லு மாரி இருக்கும். விரல் உள்ள போவாது. இதுல போவுது. ஆனா ஆரம்பத்துல அதுலயும் போவும். அதனால இப்பவே நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மஞ்சள் தடவிய நூல் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். வலது கணுக்காலைச் சுற்றிப் பிடித்து, அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நூலைக் கழற்றி வைத்துக்கொண்டாள். இடது காலுக்கு இன்னொரு நூல், இன்னொரு முடிச்சு.

"கால மேல தூக்கி வெச்சுப் படுக்க வைங்க. விளக்கு வைக்கற நேரத்துக்குள்ள முடிச்சு தளந்துச்சுன்னா வெறும் நீரு. வெத்தலபாக்கு மாத்திக்குவோம். தளரலன்னா..." அவள் தட்டைப் பார்த்தாள். "தட்டு எங்ககூட வண்டி ஏறிடும்."

இரண்டு ஆள் பிடித்து ஆதிமூலத்தைப் பாயில் கிடத்தினார்கள். கால்மாட்டில் மூன்று நெல் மூட்டை. அவற்றின்மேல் இரண்டு கால்களும். காயத்துக்குக் காசம்மாளே தண்ணீர் விட்டுக் கழுவி, சுத்தமான வெள்ளைத் துணியைச் சுற்றினாள். மரியாதைக்கு ஒரு வேட்டியை மேலே போர்த்தினார்கள். அவ்வளவுதான்; பாகூர் முழுக்க வந்துவிட்டது. ஆறு மாதம் மூன்று அடுக்குப் போட்டு மூடி வைத்த கால்கள் இப்போது கொடிமரம்போல உயரத்தில் இருந்தன. தின்பண்டம் கொண்டுவந்தவர்கள் உண்டு. தேர்த் திருவிழாவுக்கு வராதவர்கள் இதற்கு வந்தார்கள்.

ஆதிமூலத்துக்கு யாரும் கண்ணில் படவில்லை. கூரையின் ஓலையை எண்ணிக்கொண்டு கிடந்தார். நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டார்.

"தையலு, கால் இருக்குதா?"

"இருக்குய்யா."

"ரெண்டும்?"

"ரெண்டுந்தான்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ரத்தம் நின்னுச்சா?"

"நின்னுடுச்சு. நீ பேசாம படு. பேசினா அதுலயும் வீங்கப் போவுது."

அப்பளம் பொரித்தார்கள், சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள். நாகராஜன் மட்டும் சாப்பிடவில்லை. அந்த வீட்டுத் தண்ணீரையும் தொடவில்லை. காசம்மாள் காயம் பட்ட வலது காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, துணி நனைகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு வெயில் கோலத்தை விட்டு இறங்கியதும் நூல்களை எடுத்தாள்.

பல்லிகூட வாயை மூடிக்கொண்டது.

வலது காலில் நூலைச் சுற்றினாள். முடிச்சுக்கும் காலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. கணுக்கால் எலும்பு, ஆறு மாதமாக ஊரைவிட்டு ஓடிப்போயிருந்த எலும்பு, லேசாகத் தலைகாட்டியது. தையலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே வேட்டிக்குள் கையை எட்டி விட்டு, தடவிப் பிடித்த இடது காலில் சுற்றினாள். நூல் பிடித்தது. ஒரு மயிரளவுகூடத் தளரவில்லை. இழுத்துப் பார்த்தாள். போதாமல்கூட இருந்தது.

"யானை எப்பவுமே ஒரு கால்லதான் ஏறும்," என்றார் நாகராஜன் மெதுவாக. அவர் மெதுவாகச் சொன்னதுதான் பயங்கரமாக இருந்தது. "போதும் காசம்மா."

முதல்தடவையாகக் காசம்மாள் முகத்தில் இருந்த திடம் கரைந்தது. நூலை இன்னொரு தடவை சுற்றினாள். அதே அளவு. ஆதிமூலம் ஓலையை எண்ணுவதை நிறுத்தினார். பெண்ணைத் தேடினார், அவள் கதவுக்குப் பின்னால் இல்லை. கால்மாட்டில், மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"யம்மா," என்றாள் தனக்கொடி. "நைனாவோட இடது கால் மூட்டமேலயே இல்லியே. இங்க வந்து பாருங்க."

வேட்டியைத் தூக்கினார்கள். கால் மூட்டையிலிருந்து சரிந்து, மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது சரிந்தது என்று யாருக்குத் தெரியும்? சோறு போடும்போதோ, அதற்கும் முன்போ. வேட்டி மூடியிருந்ததால் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. சொல்லவேண்டிய காலோ சொல்லவில்லை.

காசம்மாள் எழுந்து நின்று, மேலே இருந்த காலைப் பார்த்தாள். தொங்கின காலைப் பார்த்தாள். பிறகு கூடத்தின் மூலையில் நின்ற துரைசாணி நாற்காலியைப் பார்த்தாள். அதன் இருக்கையையும், எங்கோ கீழே கிடந்த மிதிபலகையையும்.

"சம்பந்தி, ராத்திரி எங்க படுப்பீங்க?"

"அதுலதாங்க," என்றார் ஆதிமூலம்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசம் தொங்கப் போட்டா சொரக்காதான் நீளும், காலு வீங்கும்! தூக்கி வெச்ச காலு வடிஞ்சிடுச்சு. தொங்கின காலு வடியல. ஒரே ஒடம்பு, ஒரே மத்தியானம். மச்சான், இதுக்கு மேல ரத்தம் எடுத்துத்தான் பாக்கணுமா?"

நாகராஜன் மூட்டைக்குப் பின்னால் வந்து, குனிந்து, தன் கட்டைவிரலால் இரண்டு காலையும் அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து, "கொஞ்சம் தண்ணி குடும்மா," என்றார் தனக்கொடியிடம். முழுச் செம்பையும் குடித்தார்.

அதற்கப்புறம் காசம்மாள் போட்ட உத்தரவுகளைப் பிரெஞ்சுக் கவர்னர்கூட இவ்வளவு வேகமாகப் போட்டிருக்கமாட்டார். பாதம் பதிகிற உயரத்துக்கு நாற்காலிப் பலகையை நாளைக்கே ஏற்றி அடிக்கவேண்டும். ராத்திரி பாயில்தான், தூக்குவதற்குக் குழந்தைவேலும் இன்னொருவனும் காலையில் வரவேண்டும், பூட்ஸுக்கு அது தண்டனை. ("பூட்ஸ் போனது எனக்குத்தானே, தண்டனையும் எனக்கா?" என்றான் அவன்.) செருப்புக்கு அளவு காலையில் எடுக்கக்கூடாது, வீங்கின சாயங்காலத்தில்தான் எடுக்கவேண்டும்; முன்பக்கம் முழுக்கத் திறந்து, குதிகாலுக்குப் பட்டை வைத்து, நாலைந்து துளையோடு வாரும் கொக்கியும் இருக்கவேண்டும். காலையில் ஒரு துளை, மாலையில் ஒரு துளை. காயம் ஆறும்வரைக்கும் அதுவும் கூடாது. நாளைக்கு வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் அதைக் காட்டியாகவேண்டும்.

"தெனம் ரெண்டு வேள பாதத்தத் திருப்பிப் பாக்கணும். அது சொல்லாது, நீங்கதான் போய்க் கேக்கணும். இப்ப எழுப்பி ஒக்கார வைங்க, நேரம் போவுது, வெத்தலபாக்கு மாத்திடலாம்."

இரண்டு ஆள் கைகொடுக்க வந்தார்கள். ஆதிமூலம் நெல் மூட்டையின் காதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஒக்கார மாட்டேன்."

"இன்னாய்யா?" என்றாள் தையலம்மாள்.

"காலக் கீழ வைக்கமாட்டேன். வெச்சா எப்ப வீங்கும், எப்ப ஒடையும்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு. நான் இப்புடியேதான் இருப்பேன்."

"நிச்சயதார்த்தத்துக்கா? காலத் தூக்கிக்கினா?"

"ஆமா."

விளக்குக்கு நேரே கால் நீட்டலாமா என்று ஒரு கிழவர் ஆட்சேபித்தார். உடனே விளக்கைத் தூக்கி ஆதிமூலத்தின் தலைமாட்டில் வைத்தார்கள். அதுவரை விளக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஊர் முழுவதும் எழுந்து, இடம் மாறி, மறுபடி உட்கார்ந்தது. இடது காலையும் மூட்டைமேல் ஏற்றி, சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை வைத்தாள் தனக்கொடி. நாகராஜன் தாம்பூலத் தட்டை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் ஒரு தடவை சுற்றிவந்தார். கடைசியில் குனிந்து ஆதிமூலத்தின் மார்பின்மேல் வைத்தார். ஆதிமூலம் மூட்டையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் மூச்சு வாங்க வாங்கத் தட்டில் இருந்த தேங்காய் ஏறி இறங்கியது.

பதினேழு சம்பந்தத்தைக் கலைத்த காசம்மாளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க சம்பந்தியம்மா," என்றார் ஆதிமூலம் பாயிலிருந்து. "சிரிச்சிட்டு, அப்புறம் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ரெண்டும் மேலதான இருக்கு?"